ஆஸ்டியோபதி ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்குவது எப்படி? வடசென்னை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) இறுதியாண்டு மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிசியோக்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஸ்டான்லி அரசு மருத்துவமனை ஓ.பி.யில் உட்கார்ந்தாலும் சரி, திருவொற்றியூரில் ஒரு சின்ன கிளினிக்கில் உட்கார்ந்தாலும் சரி, இடுப்பு வலி என்று வருபவர்களுக்குக் குறைவே இருக்காது. காசிமேட்டில் மீன் கூடை தூக்கும் அக்கா, எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவு முழுக்க கன்டெய்னர் லாரி ஓட்டும் அண்ணன், மின்ட் தெருக் கடையில் மூட்டை இறக்கும் பையன். அவர்களில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "சார், யூடியூப்ல முதுகை ஒரு அமுக்கு அமுக்கி சரி பண்றாங்களே, ஆஸ்டியோபதியாம். நமக்கு அது சரிப்படுமா?"

"அதுக்கு ஆராய்ச்சி எல்லாம் இருக்கு" என்று சொல்லலாம். "எல்லாம் சும்மா" என்றும் சொல்லலாம். இரண்டுமே அவருக்கு நியாயம் செய்யாத பதில். ஆய்வுகள் இருக்கின்றன, அவை ஒரே குரலில் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று புரிந்தால்தான் அந்த லாரி ஓட்டுநருக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும். என் அனுபவத்தில் அதற்கு ஒரு கேள்வி போதும். கட்டுரையைத் திறந்ததும் "பலன் கிடைத்ததா?" என்று தேடாதீர்கள். "எதோடு ஒப்பிட்டார்கள்?" என்று தேடுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தவைதான்.

முதல் படி: சிகிச்சை கொடுத்தவர் யார் என்று பாருங்கள்

ஆஸ்டியோபதியைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர். 1864-இல் மூளைக்காய்ச்சலில் தன் பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்தவர். அன்றைய மருந்துகள் மேல் நம்பிக்கை இழந்து, 1874-இல் தன் புதிய முறையை அறிவித்தார். 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் கல்லூரியைத் திறந்தார். எலும்பும் தசையும் சீராக இருந்தால் உடல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பது அவர் கருத்து.

அதற்குப் பிறகு இந்த மரம் இரண்டாகக் கிளைவிட்டது. புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். அமெரிக்காவில் டி.ஓ. என்ற ஆஸ்டியோபதிக் மருத்துவப் பட்டம் பெற்றவர் முழு மருத்துவர். மருந்து எழுதுவார், அறுவை சிகிச்சை செய்வார், ஐ.சி.யூ.வை நடத்துவார். எம்.டி. (அங்கே அது நம் எம்.பி.பி.எஸ். போல அடிப்படை மருத்துவப் பட்டம்) மாணவர் படிக்கும் எல்லாவற்றையும் படித்து, கூடவே சுமார் 200 மணி நேரம் கைமுறைச் சிகிச்சைப் பயிற்சியும் பெறுகிறார். இன்று அமெரிக்க மருத்துவ மாணவர்களில் கால்வாசிப் பேருக்கு மேல் இந்தக் கல்லூரிகளில்தான் இருக்கிறார்கள். பிரிட்டனிலும் பிரான்சிலும் ஆஸ்டியோபாத் என்றால் வேறு ஆள். அவர் கையால் சிகிச்சை செய்பவர். மருந்து எழுதும் மருத்துவர் அல்ல.

அதனால் கட்டுரையின் தலைப்பில் 'ஆஸ்டியோபதிக்' என்ற சொல் இருந்தால், அது கைமுறைச் சிகிச்சையைப் பற்றிய ஆய்வா, டி.ஓ. மருத்துவர்களைப் பற்றிய ஆய்வா என்று உடனே பிரித்துவிடுங்கள். முன்னது கை என்ன செய்கிறது என்று கேட்கிறது. பின்னது ஒரு கல்விமுறை எப்படிப்பட்ட மருத்துவரை உருவாக்குகிறது என்று கேட்கிறது. ஒன்றின் முடிவை இன்னொன்றுக்குச் சான்றாகக் காட்டும் விளம்பரங்களை நிறையப் பார்க்கலாம்.

நம் பக்கம் ஆஸ்டியோபதி என்று பலகை மாட்டிய இடங்களிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். உள்ளே இருப்பவரின் அடிப்படைப் பட்டம் என்ன? பிசியோதெரபி முடித்து அதன்மேல் ஒரு பயிற்சி எடுத்தவரா, வேறு யாராவதா? புத்தூர் கட்டும், சுளுக்கு எடுப்பதும், நீவி விடுவதும் இதே தெருக்களில் தலைமுறைகளாக இருக்கின்றன. கையால் செய்வது என்ற ஒரே காரணத்துக்காக இவை எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேர்த்துவிடக் கூடாது. ஆய்வு நடந்தது எந்த முறைக்கு என்பதே முக்கியம்.

இரண்டாம் படி: கட்டுரையைக் கையில் எடுங்கள்

செய்தித்தாள் துணுக்கையோ ரீல்ஸையோ வைத்துக்கொண்டு பேச வேண்டாம். மூலக் கட்டுரையே வேண்டும். மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளத்தில் ஆங்கிலத்தில் ஆஸ்டியோபதிக் மானிபுலேட்டிவ் ட்ரீட்மென்ட் என்று அடித்து, பக்கவாட்டு வடிகட்டியில் 'ரேண்டமைஸ்டு கன்ட்ரோல்டு ட்ரயல்' (நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிக் குழுவாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வு) என்பதைத் தேர்ந்தெடுத்தால் நூற்றுக்கணக்கில் வருவது கொஞ்சமாகச் சுருங்கும். பிசியோ மாணவர்களுக்குப் பெட்ரோ தளம் இன்னும் வசதி. ஒவ்வொரு ஆய்வுக்கும் பத்துக்கு எத்தனை என்று தர மதிப்பெண் அங்கேயே போட்டிருக்கும். ஒன்றை நினைவில் வையுங்கள்: கைமுறைச் சிகிச்சை ஆய்வில், சிகிச்சை கொடுப்பவருக்குத் தான் எதைக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் இருக்க வழியே இல்லை. அதற்கான மதிப்பெண் அங்கே எப்போதும் போய்விடும். பத்துக்குப் பத்து வராததால் ஆய்வு மோசம் என்று தள்ளிவிடாதீர்கள்.

இந்தத் துறைக்கென்றே உள்ள இதழ் ஜர்னல் ஆஃப் ஆஸ்டியோபதிக் மெடிசின். 1901-இல் தொடங்கியது. அமெரிக்க ஆஸ்டியோபதிக் சங்கத்தின் பெயரைத் தாங்கி நூறாண்டுக்கு மேல் வந்துகொண்டிருந்த இதழுக்கு 2021-இல்தான் இந்தப் பெயர் வந்தது. இப்போது காசில்லாமல் படிக்கலாம். மற்ற இதழ்கள் பணம் கேட்டால், நீங்கள் அரசுக் கல்லூரி மாணவர் என்றால், கல்லூரி நூலகரிடம் போய் 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' வழி உள்ளே போக முடியுமா என்று கேளுங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் அது. சுமார் 13,000 இதழ்கள் அதில் வருகின்றன. மாணவர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் இல்லாதவர்கள் கொளத்தூர் முதல்வர் படைப்பகத்துக்குப் போகலாம். அமைதியும் இணையமும் இருக்கும். ஒரு கட்டுரைக்கு ஒரு மாலைப் பொழுது ஒதுக்குங்கள். சுருக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு எழுந்து வந்தால் அந்த மாலை வீண்.

மூன்றாம் படி: எதோடு ஒப்பிட்டார்கள்?

இங்கே நிதானமாக உட்காருவோம். இடுப்பு வலி பற்றிய மூன்று ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

முதலாவது 1999-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. மூன்று வாரத்துக்கு மேல், ஆறு மாதத்துக்குள் இடுப்பு வலி இருந்த 178 பேர். ஒரு குழுவுக்கு ஆஸ்டியோபதி கைமுறைச் சிகிச்சை, மற்றதற்கு வழக்கமான மருத்துவம். 12 வாரம் பார்த்தார்கள். இரண்டு குழுவிலும் வலி கிட்டத்தட்ட ஒரே அளவு குறைந்தது. வித்தியாசம் வேறு இடத்தில் தெரிந்தது: ஆஸ்டியோபதி குழு குறைவாக மாத்திரை எடுத்தது, பிசியோவுக்கும் குறைவாகப் போனது.

இதைப் படித்து "ஆஸ்டியோபதி வழக்கமான சிகிச்சைக்குச் சமம்" என்று சொல்லலாமா? சொல்லலாம். ஆனால் இன்னொரு சந்தேகமும் நியாயமானதே. இந்த வகை வலி பெரும்பாலும் நாளடைவில் தானாகவே தணியக்கூடியது. இரு குழுவும் காலத்தால் சரியாகியிருந்தால்? வழக்கமான மருத்துவத்தோடு ஒப்பிடும் ஆய்வு இந்தச் சந்தேகத்தைத் தீர்க்காது. மருந்துச் செலவு குறையுமா என்ற கேள்விக்கு மட்டும் அது நல்ல சான்று.

இரண்டாவது, டெக்சாஸில் நடந்து 2013-இல் அன்னல்ஸ் ஆஃப் ஃபேமிலி மெடிசினில் வெளியான ஆய்வு. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 455 பேர். இவர்கள் கேள்வியை இன்னும் இறுக்கினார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான கைமுறைச் சிகிச்சை; மற்றதற்குப் போலிச் சிகிச்சை, அதாவது கை படும், நேரமும் அதே அளவு ஆகும், ஆனால் உத்தி இருக்காது. எட்டு வாரத்தில் ஆறு முறை. 12-ஆம் வாரத்தில் வலி 30 சதவீதமாவது குறைந்தவர்கள் உண்மைக் குழுவில் 63 சதவீதம், போலிக் குழுவில் 46 சதவீதம். பாதியாகவே குறைந்தவர்கள் 50 சதவீதமும் 35 சதவீதமும். அதே ஆய்வில் அல்ட்ராசவுண்ட் சிகிச்சையையும் போலி அல்ட்ராசவுண்டோடு ஒப்பிட்டார்கள். அதில் பலன் தெரியவில்லை. நம் பிசியோ அறைகளில் அந்த மெஷின் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 46 சதவீதத்தை விட்டு நகராதீர்கள். போலிச் சிகிச்சை பெற்றவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்து, கை வைத்து, அடுத்த வாரமும் வரச் சொன்னார் என்பதும், காலம் போனதும் சேர்ந்து இவ்வளவு செய்திருக்கிறது. யூடியூப் காணொளியில் எழுந்து நின்று சிரிக்கும் நபர் இந்த 46-இல் ஒருவரா, 63-இல் இந்த 46 போக மீதமுள்ள 17-இல் ஒருவரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒப்பீடு இல்லாத வெற்றிக் கதைகளுக்கு எடை போட முடியாததற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது 2021-இல் ஜாமா இன்டர்னல் மெடிசினில் வந்த பிரெஞ்சு ஆய்வு. 400 பேர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக ஆறு அமர்வுகள், இங்கும் போலிச் சிகிச்சையோடு ஒப்பீடு. ஆனால் இவர்கள் முதன்மையாக அளந்தது வலியை அல்ல. குனிவது, நடப்பது, தூக்குவது போன்ற அன்றாட வேலைகளில் எவ்வளவு சிரமம் என்று நூற்றுக்குப் புள்ளி போடும் கியூபெக் அளவுகோலை வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து உண்மைக் குழுவில் சராசரியாக 4.7 புள்ளி குறைந்தது. போலிக் குழுவில் 1.3. வித்தியாசம் 3.4 புள்ளி. புள்ளியியல்படி இது தற்செயல் அல்ல. ஆனால் நோயாளியால் உணர முடியாத அளவுக்குச் சின்னது. இந்த வித்தியாசத்தின் மருத்துவ மதிப்பு சந்தேகத்துக்குரியது என்று ஆய்வாளர்களே எழுதிவிட்டார்கள்.

சிகிச்சை கொடுத்தவர்களையும் பாருங்கள். பிரான்சில் கை வைத்தவர்கள் மருத்துவரும் அல்லாத, பிசியோவும் அல்லாத ஆஸ்டியோபாத்கள். முதல் படியில் சொன்ன பிரிவு இங்கே வந்து நிற்கிறது. டெக்சாஸ் ஆய்வும் பிரெஞ்சு ஆய்வும் முரண்படுகின்றன என்று அவசரப்பட்டுச் சொல்வதற்கு முன்னால், கை வைத்தது யார், அளந்தது எதை, எண்ணியது எப்படி (பலன் பெற்ற ஆட்களையா, சராசரிப் புள்ளியையா) என்று மூன்று கட்டங்கள் போட்டு எழுதிப் பாருங்கள். மூன்றிலும் வித்தியாசம் தெரியும்.

நான்காம் படி: எண்ணை ஆளாக மாற்றுங்கள்

63-லிருந்து 46-ஐக் கழித்தால் 17. நூறு பேருக்குச் சிகிச்சை செய்தால் போலிச் சிகிச்சையைவிடக் கூடுதலாக 17 பேருக்குப் பலன். நூறைப் பதினேழால் வகுத்தால் ஏறத்தாழ ஆறு. ஆறு பேருக்கு முழுச் சிகிச்சை கொடுத்தால் அதில் ஒருவர் அந்த உத்தியால் மட்டுமே பயன் பெறுகிறார். இந்தக் கணக்கை ஜர்னல் கிளப்பில் பலகையில் எழுதிக் காட்டுங்கள். பி மதிப்பு (வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் எண்) மட்டும் சொன்னால் தூங்குபவர்கள்கூட இதற்கு நிமிர்ந்து உட்காருவார்கள்.

சராசரி வித்தியாசமாகக் கொடுத்திருந்தால், அந்த அளவுகோலில் நோயாளிக்குத் தெரியும் குறைந்தபட்ச மாற்றம் எத்தனை புள்ளி என்று தனியாகத் தேடுங்கள். அதற்குக் கீழே இருந்தால் பி மதிப்பு எத்தனை பூஜ்யம் போட்டிருந்தாலும் மயங்க வேண்டாம்.

ஐந்தாம் படி: பாதியில் நின்றவர்களை எங்கே வைத்தார்கள்?

இதற்கு ஒரே ஓர் ஆய்வு போதும். மருத்துவமனையில் நிமோனியாவுக்குச் சேர்ந்த வயதானவர்களில் 406 பேரை அமெரிக்காவில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள், 2010-இல் வெளியானது. எல்லோருக்கும் ஆன்டிபயாட்டிக் உண்டு. ஒரு குழுவுக்குக் கூடுதலாக ஆஸ்டியோபதி, இன்னொன்றுக்கு லேசாகத் தொடுவது மட்டும், மூன்றாவதற்கு எதுவும் இல்லை. பிரித்தபடியே எல்லோரையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது குழுக்களுக்குள் வித்தியாசம் தெரியவில்லை. திட்டப்படி சிகிச்சையை முடித்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, படுக்கையில் இருந்த நாட்களின் இடைநிலை அளவு 3.5, 3.9, 4.5 என்று வரிசையாக வந்தது. மூன்றாவது குழுவோடு ஒப்பிட்டால் ஆஸ்டியோபதி ஒரு நாள் குறைவு. ஆனால் லேசாகத் தொட்ட குழுவைவிடத் தெளிவாக மேல் என்று சொல்ல முடியவில்லை.

விளம்பரத்தில் வருவது எது என்று நினைக்கிறீர்கள்? "ஒரு நாள் முன்னதாக வீடு திரும்பலாம்." ஆனால் சிகிச்சையைத் தாங்கி முடித்தவர்கள் முதலிலிருந்தே கொஞ்சம் தெம்பானவர்களாக இருந்திருக்கலாம். அவர்களை மட்டும் எண்ணினால் குழுக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்த பயனே போய்விடுகிறது. எந்தக் கட்டுரையிலும் 'இன்டென்ஷன் டு ட்ரீட்' (பிரித்தபடியே எல்லோரையும் கணக்கில் சேர்ப்பது) என்ற சொல்லைத் தேடி அந்த எண்ணை முதலில் படியுங்கள்.

ஆறாம் படி: கைக்குத் தெரிவதைச் சோதியுங்கள்

ஆஸ்டியோபதி நம்பியிருப்பது விரல் நுனியை. எந்த முள்ளெலும்பு அசையவில்லை, எந்தத் தசை இறுகியிருக்கிறது என்று தொட்டுச் சொல்வது. ஒரே நோயாளியை இரண்டு பேர் தொட்டால் ஒரே பதில் வருமா? முதுகெலும்பைத் தொட்டுப் பார்க்கும் சோதனைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிய ஒரு மேலாய்வு 2004-இல் ஸ்பைன் இதழில் வந்தது. "இங்கே அழுத்தினால் வலிக்குதா?" என்று கேட்கும் சோதனைகளில் ஒற்றுமை ஓரளவு நன்றாக இருந்தது. தசை இறுக்கத்தைத் தொட்டே சொல்லும் சோதனைகள் பின்தங்கின. மண்டையோட்டு எலும்புகளின் நுண் அசைவை உணர்வதாகச் சொல்லும் கிரேனியல் ஆஸ்டியோபதியை 2016-இல் பிளாஸ் ஒன் இதழில் ஒரு பிரெஞ்சுக் குழு அலசியது. அதன் நோய்கண்டறியும் முறை நம்பகமானது என்பதற்கோ, பலன் தருகிறது என்பதற்கோ திடமான சான்று இல்லை என்றே முடித்தது. என் கருத்தும் அதுவே: இடுப்பு வலிக்குக் கிடைத்த சான்றைக் காட்டி, பச்சைக் குழந்தையின் தலையில் கை வைக்கும் சிகிச்சையை விற்கக் கூடாது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். வகுப்புத் தோழர்கள் பத்துப் பேர் குப்புறப் படுக்கட்டும். நீங்களும் ஒரு நண்பரும் தனித்தனியாக ஒவ்வொருவரின் இடுப்பையும் தொட்டு, எந்த மட்டத்தில் இறுக்கம் என்று எழுதுங்கள். பேசிக்கொள்ளக் கூடாது. பிறகு தாள்களை அருகருகே வையுங்கள். எத்தனை இடத்தில் ஒத்துப்போகிறது? குருட்டாம்போக்கில் எழுதியிருந்தாலே எத்தனை ஒத்துப்போயிருக்கும்? இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் எண்ணைத்தான் கட்டுரைகளில் கப்பா என்று குறிப்பிடுவார்கள். ஒன்று என்றால் முழு ஒற்றுமை, பூஜ்யம் என்றால் தற்செயல். புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதைவிட இந்த ஒரு மணி நேரம் மனதில் நிற்கும்.

ஏழாம் படி: மருத்துவக் கல்வி ஆய்வுகளுக்கும் அதே கேள்வி

கல்வி ஆய்வுகளை நம் மாணவர்கள் பொருட்படுத்துவதில்லை. அங்கேதான் சுவாரசியமான வேலைகள் நடக்கின்றன.

எம்.டி. படித்தவரிடம் சேர்ந்த நோயாளி பிழைப்பாரா, டி.ஓ. படித்தவரிடம் சேர்ந்தவரா? 2023-இல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசினில் இந்தக் கேள்விக்கு விடை வந்தது. 2016 முதல் 2019 வரை அமெரிக்க மருத்துவமனைகளில் சேர்ந்த முதியவர்களின் 3,29,510 சேர்க்கைகளை எடுத்தார்கள். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் எம்.டி. பக்கம் 9.4 சதவீதம், டி.ஓ. பக்கம் 9.5. திரும்பச் சேர்ந்தவர்கள் 15.7, 15.6. படுக்கை நாட்கள் இரண்டிலும் 4.5. வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம்.

யாரும் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லையே, இதை எப்படி நம்புவது? ஸ்டான்லியில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். திங்கட்கிழமை அட்மிஷன் டே ஒரு யூனிட்டுக்கு, செவ்வாய் இன்னொரு யூனிட்டுக்கு. நெஞ்சு வலியோடு வருகிறவர் யூனிட்டைப் பார்த்து வருவதில்லை. வலி வந்த நாளைப் பொறுத்து ஒருவர் கைக்குப் போகிறார். அமெரிக்க மருத்துவமனைகளிலும் உள்நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்கள் முறைவைத்து வேலை செய்கிறார்கள். ஒரே மருத்துவமனைக்குள் யார் டியூட்டியில் இருந்தார் என்பதே நோயாளிகளைப் பிரித்தது. அந்த இயல்பான பிரிவைத்தான் ஆய்வாளர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். நம் யூனிட் முறையிலும் இப்படிப்பட்ட கேள்விகள் எத்தனையோ காத்துக்கிடக்கின்றன.

சரி, டி.ஓ. மருத்துவர்கள் எல்லோரும் கைமுறைச் சிகிச்சை செய்கிறார்களா? 2021-இல் வந்த ஒரு கருத்துக்கணிப்பில் பதில் சொன்னவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், சுமார் 57 சதவீதம், ஒரு நோயாளிக்குக்கூடச் செய்வதில்லை என்றார்கள். ஆனால் அனுப்பியது 10,000 பேருக்கு. பதில் வந்தது 1,683. பதில் அனுப்பாதவர்கள் எப்படிப்பட்டவர்கள்? கைமுறைச் சிகிச்சையில் ஆர்வமுள்ளவர்கள் அதிகம் பதில் சொல்லியிருந்தால் உண்மை நிலை இன்னும் மோசமாக இருக்கும். கூகுள் ஃபார்மை வாட்ஸ்ஆப் குழுவில் தட்டிவிட்டுப் பதில் சொன்னவர்களை மட்டும் எண்ணி தீசிஸ் எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்தக் கட்டுரையை அதற்கு ஒரு கண்ணாடியாக வைத்துப் படியுங்கள்.

அடுத்தது நோயாளியிடம் பரிவு. மருத்துவ மாணவர்கள் வார்டுக்குள் நுழையும் மூன்றாம் ஆண்டில் பரிவு குறைகிறது என்று எம்.டி. கல்லூரி ஒன்றின் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-இல் வந்து பெரிய விவாதத்தைக் கிளப்பியது. முழு மனிதரையும் பார் என்று கற்பிக்கும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளில் அப்படிக் குறையாதோ என்று பார்க்க, 41 வளாகங்களில் 10,000-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஜெஃபர்சன் பரிவு அளவுகோலைக் கொடுத்தார்கள். குறைவு இருந்தது, புள்ளியியல்படி உறுதியாகவும் இருந்தது. ஆனால் அளவு மிகச் சொற்பம். பத்தாயிரம் பேரை எடுத்தால் கடுகளவு வித்தியாசம்கூட 'சிக்னிஃபிகன்ட்' ஆகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இன்னொன்று: இதில் ஒரே மாணவரை நான்கு ஆண்டு பின்தொடரவில்லை. ஒரே ஆண்டில் முதலாண்டு மாணவரையும் நான்காமாண்டு மாணவரையும் அருகருகே வைத்தார்கள். எதோடு ஒப்பிட்டார்கள் என்ற கேள்வி இங்கும் விடாமல் வருகிறது.

தேர்வுமுறையும் மாறிக்கொண்டிருக்கிறது. டி.ஓ. மாணவர்கள் நோயாளியைத் தொட்டுப் பரிசோதிப்பதை அளக்க நடந்துவந்த செய்முறைத் தேர்வு கொரோனாவால் நின்றது. 2022-இல் ஒரேயடியாகக் கைவிடப்பட்டது. நாடு முழுவதற்கும் அதற்கு இரண்டே மையங்கள் இருந்தன. இப்போது மாணவரின் கைத்திறமைக்குக் கல்லூரித் தலைவரே சான்று தர வேண்டும். தொட்டுச் செய்வதையே அடையாளமாகக் கொண்ட துறையில் அதை யார், எப்படி அளப்பது என்ற கேள்வி இன்று திறந்தே கிடக்கிறது. 2019 முதல் திறன் சார்ந்த பாடத்திட்டத்தில் எம்.பி.பி.எஸ். படிக்கும் நம் மாணவர்களுக்கும், லாக்புக்கில் கையெழுத்து வாங்கக் காத்து நின்றவர்களுக்கும் இந்தக் கவலை புதிதல்ல.

எட்டாம் படி: காசிமேட்டு அக்காவிடம் திரும்பி வாருங்கள்

இதுவரை படித்த இடுப்பு வலி ஆய்வுகளில் இருந்தவர்கள் 'நான்ஸ்பெசிஃபிக்' இடுப்பு வலிக்காரர்கள். அதாவது ஆபத்தான காரணம் ஏதும் இல்லை என்று வடிகட்டிய பிறகு சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள். உங்கள் முன் உட்கார்ந்திருப்பவரை இன்னும் யாரும் வடிகட்டவில்லை. அந்த வேலை உங்களுடையது.

மாலையில் காய்ச்சல், எடை குறைவு, பசியின்மை, இரவில் படுத்தாலும் விடாத வலி என்றால் முதுகெலும்புக் காசநோயை நினையுங்கள். நெருக்கமான குடியிருப்புகள் நிறைந்த நம் பகுதியில் இதை மறக்கவே கூடாது. தொடைகளுக்கு நடுவே மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க முடியாமை, கால் வலுவிழத்தல், விழுந்து அடிபட்டது, முன்பு புற்றுநோய் இருந்தது, நீண்டநாள் ஸ்டீராய்டு எடுத்தது ஆகிய எதுவாக இருந்தாலும் கை வைக்காதீர்கள். முதலில் மருத்துவர், எக்ஸ்ரே அல்லது எம்.ஆர்.ஐ. சிறுநீர் நின்றுபோனவர் என்றால் நாளைக்கு என்று சொல்லாமல் அன்றே எமர்ஜென்சிக்கு அனுப்புங்கள்.

ஆபத்து ஏதும் இல்லை என்றால், பிரெஞ்சு ஆய்வில் இருந்த நோயாளிக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம் என்று யோசியுங்கள். ஆறு அமர்வுக்கு ஆறு அரைநாள் கூலி போகும். வலி குறைந்த மறுநாளே அதே கூடை தலைக்கு ஏறும். ஆய்வில் அளக்காத விஷயங்கள் இவை, முடிவை மாற்றக்கூடியவை.

2022-இல் பி.எம்.ஜே. ஓப்பனில் ஒன்பது மேலாய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். நாள்பட்ட இடுப்பு, கழுத்து வலிக்கு ஆஸ்டியோபதி உதவக்கூடும். குழந்தைகள் நோய், தலைவலி, குடல் எரிச்சல் நோய் ஆகியவற்றுக்குச் சான்று போதாது என்பது அதன் சாரம். ஆகவே நோயாளியிடம் இப்படிச் சொல்லலாம்: "அக்கா, பயிற்சி தெரிஞ்சவங்க செஞ்சா வலி கொஞ்சம் குறைய வாய்ப்பு இருக்கு. எல்லாருக்கும் கேக்காது. ஒரே தடவையில சரியாகிடும்னு சொல்றவங்களை நம்பாதீங்க. நடக்கிறதையும், நான் சொல்லித் தர்ற உடற்பயிற்சியையும் விடாதீங்க." இவ்வளவுக்கும் ஆய்வு துணை நிற்கிறது. இதற்கு மேல் சொன்னால் நாம் சேர்த்துச் சொல்வதாகிவிடும்.

ஒன்பதாம் படி: நீங்களே ஓர் ஆய்வு தொடங்க நினைத்தால்

நாலைந்து கட்டுரைகளைப் படித்தவுடன் கை துறுதுறுக்கும். நல்லதுதான். எம்.பி.பி.எஸ். மாணவர் என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் இருக்கிறது. அறிவிப்பு வரும் முன்பே வழிகாட்டி ஒருவரைப் பிடித்துவையுங்கள். பெரிய சிகிச்சை ஆய்வில் இறங்க வேண்டாம். மேலே சொன்ன தொட்டுப் பார்க்கும் சோதனையை இருபது, முப்பது பேரிடம் ஒழுங்காகச் செய்தாலே ஒரு மாணவர் ஆய்வுக்குப் போதுமானது. எந்தச் சிகிச்சையும் கொடுக்காததால் ஆபத்தும் குறைவு. ஆனாலும் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் முதல் ஆளைத் தொடக் கூடாது.

சிகிச்சையை ஒப்பிடும் ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிய வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து முன்கூட்டிய பதிவை மட்டுமே ஏற்கிறார்கள். முதல் நோயாளியைச் சேர்த்த பிறகு போனால் கதவு மூடிவிடும். முதன்மையாக எதை அளக்கப் போகிறீர்கள், எதோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்று அங்கே எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு மாற்றினால் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கட்டுப்பாடு உங்களுக்கே நல்லது.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதும்போது போலிச் சிகிச்சை பற்றிய பத்திக்கு அதிக நேரம் கொடுங்கள். "உங்களுக்கு உண்மையான சிகிச்சை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எது கிடைக்கும் என்று உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லமாட்டோம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினாலும் இங்கே உங்களுக்குக் கிடைக்கும் வழக்கமான சிகிச்சை நிற்காது." இவ்வளவு எளிமையாக இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம், வீட்டில் அம்மாவிடமோ ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை வைத்திருப்பவரிடமோ, வாய்விட்டுப் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும் வரியைத் திருத்திய பிறகு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புங்கள்.